ஆம்பூரில் ஹீட்டர் போட்டு ஓடிய கார்

எந்தப் பொருளையும் பிரித்துப் பார்த்து, தடை எங்கே என்று கண்டுபிடித்துவிடுகிற ஒருவர், தான் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதை மட்டும் ஏன் பிரித்துப் பார்ப்பதில்லை? ஜெயசீலனைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் "அதுக்கு இன்னா இப்போ" என்று சொல்லிவிட்டு, கையிலிருக்கும் ஸ்பேனரைத் துடைத்திருப்பார்.

வயது நாற்பத்தெட்டு. ஆம்பூர் பைபாஸை ஒட்டி, இப்போது பாதி மூடிக் கிடக்கும், தோல் பதனிடும் ஒரு டேனரியின் காம்பவுண்டுக்குள் அவருக்கு இரண்டு அறை வீடு. பத்தொன்பது வயதில் மோட்டார் மெக்கானிக்காக அங்கே சேர்ந்தார். தோலை ஊறப்போட்டுச் சுழற்றும் ஆள் உயர மரப் பீப்பாய்கள், டிரம் என்பார்கள், அங்கே பதினாறு இருந்தன. எந்த டிரம்மின் மோட்டாரில் பேரிங் தேய்கிறது என்பதைத் தன் வீட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டே சொல்லிவிடுவார். கழிவுநீர் சுத்திகரிப்புச் செலவு தாங்காமல் தோலை ஊறவைக்கும் ஈர வேலையை நிறுத்தியபோது டிரம்கள் நின்றன, ஆட்கள் போனார்கள். ஜெயசீலனும் போகத்தான் இருந்தார். முதலாளி அப்துல் ஹமீத் கூப்பிட்டு, "உனக்குக் கார் ஓட்டத் தெரியுமில்ல? அப்போ இருந்துடு" என்றார். அது நடந்து பதினோரு வருஷம்.

காம்பவுண்டின் கேட்டை ஒன்பது மணிக்குப் பூட்டுவார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே நின்றுபோன டிரம்கள். மனைவி கமலம் பக்கத்து ஷூ கம்பெனியில் பசை தடவும் பிரிவில் வேலை செய்தார். "ஜெயில்ல கூட நன்னடத்தைக்கு முன்னாடியே வுட்டுடுவாங்க. உங்களுக்கு அதுவும் இல்ல" என்பார். ஜெயசீலன் சிரிப்பார். அந்தச் சிரிப்பை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வதா மறுப்பு என்று எடுத்துக்கொள்வதா என்பது கமலத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பிடிபடவில்லை.

அப்துல் ஹமீதுக்கு எண்பத்தொரு வயது. ரத்த ஓட்டம் குறைந்து கைகால் எந்நேரமும் சில்லிட்டுப் போகும் உடம்பு. சித்திரை வெயிலில் தார் இளகும்போது அவர் ஸ்வெட்டர் போட்டிருப்பார். காரில் ஏறி உட்கார்ந்ததும் நாலு கண்ணாடியையும் ஏற்றச் சொல்வார். பிறகு, "ஹீட்டர் போடுப்பா. ஜாஸ்தியா வை." அந்த வட்டாரத்தில் ஏசி கெட்டுப்போன கார்கள் எத்தனையோ ஓடின. மே மாதத்தில் ஹீட்டர் போட்டுக்கொண்டு ஓடியது அது ஒன்றுதான்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வேலூர் போக வேண்டும். லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் ஹமீதின் தங்கை அஃப்ரோஸ் இருந்தார். அவருக்கு நினைவு போய்விட்டது. அண்ணனைத் தங்கள் தகப்பனார் என்று நினைத்து "அத்தா, வந்துட்டீங்களா" என்பார். ஹமீத் அதைத் திருத்துவதில்லை. சாத்துக்குடி உரித்து, விதையெடுத்து, ஒவ்வொரு சுளையாகக் கொடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு மணி நேரமும் ஜெயசீலன் நிறுத்த இடமில்லாமல், கைவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவில் புகுந்து கோட்டைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டிருப்பார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ளலாம். திரும்பும்போது மறுபடியும் மூடல், மறுபடியும் ஹீட்டர். டிக்கியில் எப்போதும் மாற்றுச் சட்டை இரண்டு இருக்கும்.

"நீங்க கார் ஓட்டப் போறீங்களா, இட்லிப் பானைக்குள்ள உக்காரப் போறீங்களா?" என்று கமலம் கேட்பார்.

ஒருமுறை ஜெயசீலனுக்குக் காய்ச்சல் வந்து வேறு டிரைவரை அனுப்பினார்கள். அவர் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "மொதலாளி, நான் பஸ்ல போய்க்கிறேன்" என்று இறங்கிப் போய்விட்டார். அதன்பிறகு ஜெயசீலன் லீவு எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

இந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாயன்று ஹீட்டர் நின்றது. ஒரு மாதமாகவே புளோயர் என்கிற அதன் காற்றாடி ஒன்று, இரண்டு, மூன்றாம் வேகங்களில் சுற்றவில்லை. நாலாம் நம்பரில் வைத்தால் மட்டும் சுற்றும். ஹமீத் கேட்பதே நாலாம் நம்பர் என்பதால் ஜெயசீலன் தள்ளிப்போட்டிருந்தார். அன்று மாதனூரை நெருங்கும்போது லேசாகத் தோல் கருகும் வாசனை வந்தது. வேறு ஊர்க்காரராக இருந்தால் உடனே வண்டியை நிறுத்தியிருப்பார். தோல் வாசனையிலேயே முப்பது வருஷம் கழித்தவருக்கு அது ரோட்டின் வாசனையாகத்தான் தெரிந்தது. மாதனூரைத் தாண்டியதும் டக்கென்று ஒரு சத்தம். காற்று நின்றுவிட்டது.

பின்னால் ஹமீத் நடுங்கத் தொடங்கினார். ஜெயசீலன் வண்டியை ஓரங்கட்டி, தன் துண்டை எடுத்து அவர் மடியில் போர்த்தினார். வியர்வையில் நனைந்த துண்டு அது.

"திருப்புப்பா" என்றார் ஹமீத்.

வீட்டுக்கு வந்து இறங்கும்போது, "இனிமே வேலூர் வேணாம். போன்ல பேசிக்கிறேன்" என்றார். அஃப்ரோஸ் போனில் பேசமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் ஜெயசீலன் இரண்டு மெக்கானிக்குகளிடம் வண்டியைக் காட்டினார். முதல் ஆள் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஹீட்டரா? அண்ணே, வெளியில நிறுத்திட்டு உள்ள உக்காருங்க, தானா வரும்." இரண்டாவது ஆள் கொஞ்சம் மரியாதையானவர். "இந்த மாடலுக்கு சாமான் வர்றதில்ல. ஏசின்னா கூட ஏதாச்சும் பாக்கலாம். ஹீட்டருக்கு எவன் கை அழுக்காக்குவான்?"

அதே வாரத்தில்தான் கோபியின் போனும் வந்தது. கோபி கமலத்தின் தம்பி. ஆலங்காயத்தில் போர்வெல் மோட்டார்களுக்கு வைண்டிங் கட்டும் கடை வைத்திருந்தான். கூட்டாளி விலகிப்போய்விட்டதால் அந்த இடத்துக்கு ஜெயசீலனைக் கேட்டான். இதற்கு முன்பும் கேட்டிருக்கிறான். இந்தத் தடவை நாள் குறித்துவிட்டான்.

"திங்கக்கிழமை வரைக்கும் பாக்குறேன் மாமா. அன்னைக்கு நானே குட்டியானை எடுத்துக்கிட்டு வர்றேன், சாமானை ஏத்திடலாம். இல்லன்னா வாணியம்பாடி ஆளு ஒருத்தன் ரெடியா நிக்கிறான். அவன்கிட்ட முடிச்சிடுவேன். அப்புறம் அக்கா என்னைத் திட்டக் கூடாது."

கமலம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயசீலன் போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு சொன்னார்: "சரி மச்சான். இந்த ஹீட்டரை மட்டும் சரி பண்ணி வண்டியை ஒப்படைச்சிட்டு வந்துடறேன். பாதியில வுட்டுட்டு வர முடியாது."

பதினோரு வருஷத்தில் அவர் 'வந்துடறேன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கமலம் அன்று மாலையே கம்பெனியிலிருந்து அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்தார். ஷூ அடுக்கும் பெட்டிகள். பாத்திரங்களைச் சுற்றப் பழைய புடவைகளைக் கிழித்தார். முதலாளியிடம் எப்போது சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டார். "வண்டியைக் குடுக்கும்போது" என்றார் ஜெயசீலன்.

ஞாயிறு காலை காரை டிரம் ஷெட்டின் நிழலில் நிறுத்தி, இடப்பக்கக் கதவைத் திறந்து, சாக்கு விரித்துத் தலைகீழாகப் படுத்துக்கொண்டார். தலை காரின் தரையில், கால் இருக்கையின் மேல். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற எதையும் அப்படித்தான் பார்க்க முடியும்.

அவர் வேலை செய்யும் முறை நிதானமானது. சந்தேகப்பட்டதைக் கழற்றமாட்டார். மின்சாரம் புறப்படும் இடத்திலிருந்து அதோடு கூடவே நடந்து போவார். முதலில் ஃபியூஸ். எரிந்திருந்தது. மாற்றிவிட்டு சுவிட்சைப் போட்டார். காற்றாடி முக்கிப் பார்த்தது, சுற்றவில்லை, புது ஃபியூஸும் போனது. பல பேர் இந்த இடத்தில் பெரிய ஃபியூஸாகப் போட்டு, ஒயரை எரித்துக்கொள்வார்கள். அவர் சுவிட்சை அணைத்துவிட்டு யோசித்தார். மின்சாரம் வருகிறது, மோட்டார் சுற்ற முயல்கிறது, எதுவோ பிடித்து நிறுத்துகிறது.

டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, மூன்று திருகுகளை எடுத்து, புளோயரைக் கீழே இறக்கினார். கூடவே பழுப்பு நிறத் தூள் ஒரு பிடி அவர் முகத்தில் கொட்டியது. காற்றாடியின் இதழ்களுக்கு நடுவில், சுருண்டு விறைத்த ஒரு பட்டை சிக்கியிருந்தது. வெளியே இழுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். ஆட்டுத்தோல். ஷூவுக்குள் லைனிங் வைக்கும் மெல்லிய தோல், வரிசையாகப் பொடி ஓட்டைகள் போட்டது.

கமலம் டீ கொண்டுவந்தார். "இன்னா அது, கருவாடா?"

"தோல்."

"காருக்குள்ள தோல் எப்படி வந்துச்சி?"

"நான்தான் வெச்சேன்."

இரண்டு வருஷத்துக்கு முன்பு காற்றை வடிகட்டும் ஃபில்டர் கிழிந்துபோனது. சாமான் கிடைக்கவில்லை. கமலத்தின் கம்பெனியில் கழித்துப் போட்ட லைனிங் துண்டு ஒன்றை ஃபில்டர் அளவுக்கு வெட்டி, சட்டத்தில் பசை போட்டு ஒட்டி மாட்டினார். தோல் மூச்சு விடும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாங்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். பிளாஸ்டிக்கைவிடத் தோல் மேல் என்று அவர் நம்பியதில் ஆச்சரியமில்லை. ஆனால் மூடிய காருக்குள் சூடான காற்றே சுற்றிச் சுற்றி அதன் வழியாகப் போனது. இரண்டு வருஷ வறட்சியில் தோல் சுருங்கி, ஓட்டைகள் அடைத்து, விளிம்பு பிய்ந்து காற்றாடிக்குள் விழுந்தது.

"அப்போ கெடுத்ததே நீங்கதான்" என்றார் கமலம்.

"ஆமா."

"மெக்கானிக்குன்னு பேரு."

அவர் மறுக்கவில்லை. தூளைத் தட்டி, இதழ் இதழாகப் பிரஷ்ஷால் துடைத்து, மோட்டாரின் தண்டில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். பேட்டரியிலிருந்து நேரே ஒயர் கொடுத்தார். சத்தமில்லாமல் சுற்றியது. மோட்டாரில் குறையில்லை. திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டபோது நாலாம் வேகம் வந்தது. மற்ற மூன்றும் வரவில்லை.

அந்த மூன்று வேகங்களுக்கும் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுப்பது ரெசிஸ்டர் என்ற சுருள். வேலை செய்யும்போது அது சூடாகும். புளோயரின் காற்றே அதைக் குளிரவைக்க வேண்டும். தோல் காற்றை அடைத்ததால் சுருள் கொதித்து, சூடு மீறினால் தானாக அறுந்துபோகிற, அதோடு இணைந்த சின்னப் பாதுகாப்பு ஃபியூஸ் அறுந்திருந்தது. ஒரு குற்றம், இரண்டு இடத்தில் தண்டனை.

இதோடு விட்டிருக்கலாம். ஹமீதுக்கு வேண்டியது நாலாம் வேகம். அது வந்துவிட்டது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. ஜெயசீலன் ரெசிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டுக்குள் போய், கமலம் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தூக்கிப்போட வைத்திருந்த கெட்டுப்போன ரைஸ் குக்கரை எடுத்துவந்து அடிப்பாகத்தைப் பிரித்தார். அதிலும் அதே மாதிரி ஒரு சூட்டு ஃபியூஸ் இருக்கும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே அறுந்துவிடும் என்பதால், சின்னச் செம்புக் குழாய்க்குள் இரண்டு முனைகளையும் செருகி இடுக்கியால் நசுக்கி இணைத்தார். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டார். கமலம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். தேவையில்லாத வேலையை ஒருவர் இவ்வளவு கவனமாகச் செய்வதைப் பார்த்தபோது தனக்குப் பயமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

மூன்று மணிக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எல்லாம் வேலை செய்தன. தோல் இருந்த இடத்தில் பழைய கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துப் பொருத்தினார்.

காம்பவுண்டின் மறுகோடியிலிருந்த தன் வீட்டிலிருந்து ஹமீத் தடியை ஊன்றிக்கொண்டு தானே நடந்து வந்தார். பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். "போடு" என்றார். ஜெயசீலன் முன்னால் ஏறி, கண்ணாடிகளை ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு, சூடு ஏறியதும் புளோயரைப் போட்டார். நிழலிலேயே நாற்பது டிகிரி அடிக்கும் பிற்பகலில், எங்கேயும் போகாத ஒரு காருக்குள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசீலனின் புருவத்திலிருந்து வியர்வை ஸ்டியரிங்கில் சொட்டியது. சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. அவர் வாயைத் திறந்தார். "மொதலாளி, நாலு ஸ்பீடும் வருது" என்றுதான் வந்தது.

ஹமீத் கண்ணை மூடியிருந்தார். "நீ போறியாமே, ஆலங்காயத்துக்கு."

"யாரு சொன்னாங்க?"

"கமலம் அட்டைப் பெட்டி தூக்கிக்கிட்டுப் போறதை ஊரே பாக்குது. நான் மட்டும் பாக்கக் கூடாதா?" ஹமீத் கைகளை முன்னால் நீட்டிக் காற்றில் காட்டினார். "போ. நல்ல தொழில். டிராவல்ஸ் வெச்சிருக்கிற ஜியாவுல்லாகிட்ட சொல்லிட்டேன், அவன் டிரைவரை அனுப்பறேன்னான். சூடு தாங்கினா இருப்பான், தாங்கலன்னா வேற ஆளு. என் பையன் ஏற்பாடு பண்ணுவான். நீ அதைப்பத்திப் பேஜார் ஆவாத."

"சரிங்க மொதலாளி."

"சாவியை நாளைக்கு வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டா போதும்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று ஜெயசீலன் நினைத்திருக்கமாட்டார். தன்னைப் பிடித்து வைத்திருப்பதாக அவர் எதை நினைத்திருந்தாரோ, அது தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பெரியவரைக் கைபிடித்து இறக்கி வீட்டு வாசல் வரை விட்டுவிட்டு வந்தார். கமலத்திடம் நடந்ததைச் சொன்னார். கமலம் கொஞ்சம் அழுதார், பிறகு மிச்சப் பாத்திரங்களைக் கட்டினார். அன்று சாயங்காலம் பூராவும் அவரிடம் ஒரு வேகம் இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் இருந்த வேகம் அது. ஆலங்காயத்தில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கோபி குட்டியானையோடு வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே சின்ன லாரியை நிறுத்திவிட்டு உள்ளே நடந்து வந்தான். வீட்டு வாசலில் பதினேழு பெட்டிகளும், சுருட்டிக் கட்டிய பாயும், மின்விசிறியும் இருந்தன. கமலம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். ஜெயசீலன் டிரம் ஷெட்டுக்கு அடியில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கா துடைக்கிறே? ஏத்தலாமா?"

ஜெயசீலன் துணியைப் பிழிந்தார்.

"வண்டி இன்னும் ரெடியாவல மச்சான்."

கோபி அக்காவைப் பார்த்தான். கமலம் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சி?"

"மோட்டார் எரிஞ்சிபோச்சி. வேற மோட்டார் தேடிப் புடிச்சி மாட்டணும். பதினஞ்சி நாள் ஆவும்."

"பதினஞ்சி நாளா? மாமா, ஹீட்டரு. ஆம்பூர்ல. அது இல்லன்னா இன்னா குடி முழுவிப்போவும்? அப்படியே வுட்டுட்டு வா."

"அப்படி வர முடியாது. சொல்லியிருக்கேன்ல."

"நான் பதினஞ்சி நாள் நிக்க முடியாது. அந்த ஆளு இன்னைக்கு முடிவு கேக்குறான்."

"அவன்கிட்டயே முடிச்சிக்கோ."

கோபி சிரித்துப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினான். "அக்கா, நீ சொல்லு. நெசமாவே மோட்டார் போச்சா?"

கார் பத்தடி தூரத்தில் இருந்தது. போய் சாவியைத் திருகினால் தெரிந்துவிடும். கமலம் அன்று சொன்ன பதிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"எனக்கு இன்னாடா தெரியும், மோட்டார் வெவகாரம்" என்றார் அவர்.

கோபி அரைமணி நேரம் இருந்து, டீ குடித்து, கோபப்பட்டு, காலி வண்டியோடு திரும்பினான். ஆலங்காயத்தில் இரண்டு காரணங்கள் பேசப்பட்டன. பெரியவர் எழுதிவைக்கப் போகும் எதற்கோ காத்திருக்கிறார் என்பது ஒன்று. மச்சினன் கையில் வேலை செய்யக் கூச்சம் என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆதாரமே இல்லை. இரண்டாவது இருந்திருக்கலாம், ஆனால் அதற்கு 'வரல' என்ற ஒரு சொல் போதும். வேலை செய்கிற மோட்டாரை எரிந்ததாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. விசுவாசம் என்று சொல்வதும் சரியாக வரவில்லை. போ என்று சொல்லிவிட்டவரிடம் அதைக் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

கமலம் பெட்டிகளை ஒரு வாரம் பிரிக்கவில்லை. ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டார், "ஏன் அப்படிச் சொன்னீங்க?" ஜெயசீலன் குழம்பில் உப்பு கம்மி என்றார். இன்னொரு நாள் கேட்டபோது எழுந்து போய்க் கை கழுவினார். அதற்கப்புறம் கமலம் கேட்கவில்லை.

ஆனால் அது பிறகு. அந்தத் திங்கட்கிழமை, குட்டியானையின் சத்தம் பைபாஸ் பக்கம் மறைந்ததும், ஜெயசீலன் ஈரத் துணியைக் கொடியில் போட்டார். வாட்ச்மேனிடம் கொடுக்க வேண்டிய சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹமீதின் வீட்டு வாசலுக்குப் போய், நாளைக்கு வேலூருக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று கேட்டார்.